கோடு வரைக்கும் தண்ணீர்

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. இது நடந்தது மத்தியானத்தில். சோறு தின்றுவிட்டு ஊரே கண்ணயரும் நேரத்தில். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் பிரிண்ட் இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் கதையாக ஊதி எழுத எனக்கு மனசு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2007-ஆம் வருஷம். கல்பாக்கத்தை ஒட்டிய குடியிருப்பு. சம்பத்துக்கு அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் ஷிப்ட் வேலை. ஐம்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு. அவருடைய குறட்டை அந்த பிளாக்கில் பிரசித்தம். மேல் வீட்டுக்காரர் ஒருமுறை லாரி வந்து நிற்கிறது என்று பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாராம். எல்லாரும் சிரித்தார்கள். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, மணிக்கு நாற்பது தடவை நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதற்காகத்தான் அந்த மிஷின் வந்தது. மூக்கில் மாஸ்க், மாஸ்க்கிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாயின் முனையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அது விடாமல் காற்றை உள்ளே தள்ளும். வெறும் காற்று தொண்டையைக் காய வைத்துவிடும் என்பதால் பெட்டியோடு ஒரு தண்ணீர் டப்பா. தண்ணீர் லேசாகச் சூடாகி, காற்று ஈரத்தோடு போகும்.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்குவது சம்பத்தின் வேலை. மற்றதெல்லாம் அவர் மனைவி தெய்வநாயகியின் வேலை. முதல் வாரம் அவள் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டாள். கடற்கரைத் தண்ணீர் சும்மா விடுமா? டப்பாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிட்டது. மிஷினை விற்றவன் செங்கல்பட்டு சுப்பிரமணி. அவன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வூட்டுக்காரரு மூக்குல உப்பளம் கட்டிகினு கீறீங்களா?" என்று கேட்டான். அன்றிலிருந்து மருந்துக் கடையில் வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். டப்பாவில் ஒரு கோடு உண்டு. கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். மிச்சத்தைத் தினமும் கொட்டிவிட வேண்டும். மாஸ்க்கைத் தினமும் சோப்பு நுரையில் கழுவ வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை குழாயை அலசிக் கொடியில் போட வேண்டும். காற்று நுழையும் இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு ஃபில்டர். அதை மாதம் ஒருமுறை அலச வேண்டும். மாதம் ஒருமுறை என்றால் தெய்வநாயகிக்கு அமாவாசை. காலண்டரில் கறுப்பு வட்டத்தைப் பார்த்தால் கை தானாக ஃபில்டருக்குப் போய்விடும்.

படுக்கப் போகும்போது சம்பத் ஒரே கேள்விதான் கேட்பார்.

"நாயகி, தண்ணி ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேங்க."

அப்புறம் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நாலு வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் அவளும் தூங்கினாள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஏ.சி. அறையில் அந்தக் குழாய் குளிர்ந்து, உள்ளே போகும் ஈரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகிவிடும். அது குழாயில் தேங்கி, மூச்சுக்கு மூச்சு 'குடகுட' என்று கொதிக்கிற மாதிரி சத்தம் போடும். அதற்காகத் தெய்வநாயகி சம்பத்தின் பழைய லுங்கியைக் கிழித்துக் குழாய்க்கு ஒரு உறை தைத்திருந்தாள். குழாய்க்குச் சட்டை என்று சம்பத் கேலி செய்வார். சட்டை போட்டால் சத்தம் வராது.

மே 9, புதன்கிழமை. கத்திரி வெயில். நைட் ஷிப்ட் முடிந்து வந்த சம்பத் ஒன்பது மணிக்கு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். குழாயின் சட்டையை அவள் அன்றைக்குப் பார்த்துத் துவைத்துப் போட்டிருந்தாள். காய்வதற்குள் படுத்துவிட்டார். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் அவளும் அந்த ஏ.சி. அறையில் போய்ப் படுத்தாள். முந்தின ராத்திரி தலைவலியில் தூங்கவில்லை. கண்ணை மூடினால் குடகுட… குடகுட… தலைக்குள் கொதிப்பது போல இருந்தது. எழுந்தாள். மணி 1.50. மிஷினின் பட்டனை அமுக்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. அஞ்சு நிமிஷம் கழித்துக் குழாயை உதறித் தண்ணீரை எடுத்துவிட்டுப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தபடியே தூங்கிவிட்டாள்.

விழித்தபோது மணி 4.10. டீ போட வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஸ்ஸ்ஸ்… அவர் மூக்கில் மாஸ்க் சரியாக இருந்தது. அவர் கையைத் தொட்டாள்.

கை குளிர்ந்து போயிருந்தது.

மிஷினை அணைத்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மிஷின் ஓடிக்கிட்டுதானே இருந்தது?" என்பதுதான். "ஆமாங்க" என்றாள். பொய் இல்லை. மகன் விஷால் புனேயிலிருந்து வந்து அதையே கேட்டான். மகள் அனு பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அவளும் கேட்டாள். எல்லாருக்கும் அதே பதில். தூக்கத்திலேயே ஹார்ட் நின்றுவிட்டது, விதி என்றார்கள்.

ஆனால் நான் அணைத்தேனே என்று அவளுக்குள் ஒன்று இருந்தது. அணைத்தேனா? கனவா? அணைத்திருந்தால் ஓடியது எப்படி? யாரிடம் கேட்பது? அந்தக் கேள்வி கல்லாக உட்கார்ந்துகொண்டது. அவள் அழவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பதினாறாம் நாள் வடைக்கு உப்பு பார்த்துச் சொன்னாள். உடம்பில் எதுவும் ஓடவில்லை. டாக்டர் கொடுத்த சான்றிதழ் உறைக்குள் இருந்தது. விஷால்தான் வாங்கி அவள் கைப்பையில் வைத்தான். பிரித்துப் படிக்கக் கூடத் தோன்றவில்லை.

மிஷினைக் கழுவினாள். டப்பாவைத் துடைத்தாள். குழாயை இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டாள். புது ஃபில்டர் ஒன்று பாக்கி இருந்தது, அதை மாட்டினாள். எல்லாவற்றையும் பையில் போட்டு, ஒயரைச் சுருட்டி, பீரோ மேல் வைத்தாள்.

சம்பத்தோடு ஷிப்ட் பார்த்த செங்கல்வராயன் வந்தார். அவருக்கும் அதே வியாதி. "முப்பது நாள் போவட்டும் அண்ணி, மிஷினை நான் எடுத்துக்கறேன். சுப்பிரமணிகிட்ட ஒரு தடவை காட்டிட்டா போதும். உள்ள ஒரு கார்டு கீது இல்ல? எப்ப ஆன் பண்ணாங்க, எப்ப ஆஃப் பண்ணாங்க, எல்லாம் அதுல ஏறி இருக்கும்."

தெய்வநாயகி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எல்லாமேவா?"

"நிமிஷக் கணக்கா அண்ணி."

அன்றிலிருந்து அவள் பீரோவின் மேல் பக்கம் பார்ப்பதில்லை, மத்தியானத்தில் அந்த அறைக்குள் போவதும் இல்லை. அந்தப் பையில் இருப்பது மிஷின் இல்லை, தனக்கு எதிரான சாட்சி என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஜூன் முதல் வாரம். ஒட்டடை அடித்த அனு பையை இறக்கி வைத்தாள்.

"அம்மா, பை ஏன் ஈரமா இருக்கு?"

திறந்து பார்த்தார்கள். குழாயின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். டப்பாவின் அடியில் ஈரம். கடற்காற்று, அப்படித்தான் இருக்கும் என்றாள் அனு. தெய்வநாயகி துடைத்து வைத்தாள்.

நாலு நாள் கழித்து மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் ஈரம்.

மாஸ்க்கைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

ஜூன் 14, வியாழன். அமாவாசை. போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். அனு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் தெய்வநாயகி மட்டும். மணி இரண்டு. வெளியே ஒரு காக்கை கூட இல்லை. காலண்டரில் கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள். கை தானாகப் பையைத் திறந்தது.

ஃபில்டரை உருவினாள்.

புது ஃபில்டர். ஒரு நாள் கூட ஓடாதது. பால் வெள்ளையாக மாட்டியது.

சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு மாதம் ஓடினால் எவ்வளவு தூசு படியுமோ, அவ்வளவு தூசு.

அவள் பயப்படவில்லை. பயப்படுவதற்கும் உள்ளே உயிர் வேண்டுமே. ஃபில்டரை அலசி மாட்டினாள். டப்பாவில் தண்ணீர் ஊற்றினாள். கோடு வரைக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில், அதன் பழைய இடத்தில் மிஷினை வைத்தாள். மாஸ்க்கை அவர் தலையணை மேல் போட்டாள். ஏன் இதையெல்லாம் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒயர் சுருட்டியபடி பையிலேயே கிடந்தது.

கட்டிலின் தன் பக்கம் உட்கார்ந்தாள்.

2.20.

2.25.

ஏ.சி. போடவில்லை. ஆனாலும் அறை குளிர்ந்தது…

2.27.

தண்ணீர் டப்பாவில் தண்ணீர் லேசாக அசைந்தது.

2.28.

பட்டன் உள்ளே போனது.

தானாக. மெதுவாக. யாரோ கட்டை விரலால் அமுக்குகிற மாதிரி.

பச்சை விளக்கு…

ஸ்ஸ்ஸ்ஸ்…

தலையணை மேல் கிடந்த மாஸ்க் சிலிர்த்து நிமிர்ந்தது.

குழாயில்… குடகுட… குடகுட…

தலையணையில் ஒரு பள்ளம் விழுந்தது.

அவள் வாய் திறந்தது. முப்பது வருஷம் அவருக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

"ஊத்திட்டேங்க."

குடகுட சத்தம் நின்றது. ஸ்ஸ்ஸ் மட்டும்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். 4.10-க்கு விளக்கு அணைந்தது. பட்டனின் மேல் ஒரு கட்டை விரலின் ஈர அடையாளம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து போயிற்று.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, அவளே அனுவைக் கூப்பிட்டாள். "வா, சுப்பிரமணி கடைக்குப் போவோம்."

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் சின்னக் கடை. சுப்பிரமணி கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டான். தெய்வநாயகி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மா இது பேஜாரா கீது. மே ஒம்போதாம் தேதி வரைக்கும் சரியாத்தான் கீது. அன்னிக்கு மத்தியானம் ஒண்ணு அம்பதுக்கு ஆஃப் ஆயிருக்கு. அதுவரைக்கும் மூச்சு நல்லா வந்துகினு இருக்கு. யாரு ஆஃப் பண்ணது?"

அனு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் தெய்வநாயகி. "சத்தம் தாங்கல. அஞ்சு நிமிஷம்னு நெனச்சேன்."

முப்பத்தெட்டு நாளாக வராத வார்த்தை வந்துவிட்டது. அனுவின் முகம் வெளுத்தது.

"அப்புறம் ரெண்டு இருபத்தெட்டுக்கு ஆன் ஆயிருக்கு" என்றான் சுப்பிரமணி. "ஆனா அதுக்கப்புறம் மூச்சே இல்ல. காத்து போவுது, ஆளு இழுக்கல. நாலு பத்துக்கு ஆஃப். அதோட முடிஞ்சிதானு பாத்தா… மறுநாளும் ரெண்டு இருபத்தெட்டு டு நாலு பத்து. அதுக்கு மறுநாளும். நேத்து வரைக்கும். ஒரு நாள் தப்பல. எதுலயும் மூச்சு இல்ல. வூட்ல யாரு போட்டுகினு கீறாங்க?"

தெய்வநாயகி கைப்பையைத் திறந்தாள். அந்த உறையை முதல் தடவையாகப் பிரித்தாள். டாக்டரின் கையெழுத்து. படித்துவிட்டு அனுவிடம் நீட்டினாள்.

உயிர் பிரிந்த நேரம்: பிற்பகல் சுமார் 2 மணி.

அனு திரையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அன்றைக்கு 2.28-க்கு அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் போய்க் கிட்டத்தட்ட அரை மணி ஆகியிருந்தது.

நாளைக்கு யாராவது "மிஷின் ஓடிச்சா?" என்று கேட்டால் அவள் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். அதற்காக எழுந்து வந்திருக்கிறார்.

தெய்வநாயகி அப்போதுதான் அழுதாள். கடைக்கு வந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். அனு அவளைக் கட்டிக்கொண்டாள். சுப்பிரமணி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அதைத்தான் நான் பார்த்தேன்.

செங்கல்வராயன் வேறு மிஷின் வாங்கிக்கொண்டார். தெய்வநாயகி இப்போது செங்கல்பட்டில் வாடகை வீட்டில் இருக்கிறாள். தினமும் இரண்டு மணிக்கு டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். குழாய்க்குச் சட்டை போட்டிருக்கிறாள். மிஷினின் ஒயரை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாள்.

நாலு பத்துக்குப் போய்ப் பார்த்தால், தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது.