கூட இருக்கிறவள்

சட்டைக்குக் காஜா எடுப்பது அவள் தொழில். பொத்தான் நுழைகிற துளையின் ஓரம் பிரியாமல் நூலால் நெருக்கிக் கட்டும் வேலை. தையல்கடைக்காரர்கள் அவளைக் காஜாக்கா என்று கூப்பிட்டார்கள். சபையிலும் அதுவே நிலைத்துவிட்டது. கணவர் பெயிண்டர். "சுவர்ல ஓட்டைய அடைக்கிறவன் நான், துணியில ஓட்டை போடுறவ இவ. கர்த்தர் பார்த்துதான் ஜோடி சேர்த்திருக்கார்" என்பார், யார் வீட்டுக்கு வந்தாலும். அவளும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பாள்.

மழை விட்ட ஒரு காலையில் சாரம் சரிந்து அவர் விழுந்தார். உயிர் இருந்தது, நினைவு இல்லை. கண் சில நேரம் திறக்கும்; எதையும் பார்க்காது. முதல் வாரம் முழுக்க அவள் ஜெபித்தாள். பிறகு ஜெபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, கடையிலிருந்து வந்த சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள். ஒருநாள் வெள்ளைத் துணியில் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. யாருடைய ரத்தம் என்று சுற்றிலும் பார்த்தாள். ஊசி அவள் விரலில்தான் ஏறியிருந்தது.

போதகர் வந்தார், கூடவே நாத்தனாரும். போதகர் கணவரின் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். நாத்தனார் சொன்ன ஆமென் அடுத்த கட்டில்வரை கேட்டது. காஜாக்கா வாயைத் திறக்கவில்லை.

"என்ன அண்ணி, ஒரு ஆமென்கூடவா வரல? எங்க அண்ணனுக்காகத்தானே ஜெபிக்கிறாரு?"

"பொய் சொல்ல வேண்டாம்னு பார்த்தேன்."

"கர்த்தர் கூடவே இருக்கார்மா," என்றார் போதகர்.

"இருந்து என்ன ஐயா பண்றார்?"

"ஐயோ அண்ணி!"

போதகர் அதட்டவில்லை. தன் செருப்பைப் பார்த்தபடி, "தெரியலைம்மா. நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்," என்றார்.

மறுநாள் விரிப்பு மாற்ற நர்ஸ் வந்தாள். ஒவ்வொரு கட்டிலருகிலும், "கூட யாரு?" என்று கேட்டுக்கொண்டே வருவது அவள் பழக்கம்.

"நான்தான்."

"இன்னைக்கும் நீங்கதானா? விட்டா இந்த ஸ்டூலுக்கே காஜா எடுத்துருவீங்க. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுத்துட்டு வாங்கக்கா. நீங்க இருக்கிறது அவருக்குத் தெரியவா போகுது?"

"தெரியாதுதான்."

"உங்களால ஆகப்போறதும் ஒண்ணுமில்ல."

"இல்லைதான். அதுக்காக? நான் இங்க இல்லைன்னு ஆயிடுமா?"

சொன்ன பிறகு ஊசி கையிலேயே நின்றது. தன் வார்த்தையை வேறு யாரோ சொன்னதுபோல இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள். கட்டிலில் கிடக்கிறவருக்குப் பக்கத்தில் யார் என்று தெரியவில்லை. தன் பக்கத்தில் யார் என்று தனக்கும் தெரியவில்லை. தன்னால் ஒன்றும் ஆகாது, கர்த்தரால் ஆகுமே என்ற கேள்வி அப்படியே இருந்தது. நெஞ்சில் எதுவும் அசையவில்லை. நர்ஸோடு சேர்ந்து கணவரைப் புரட்டி, விரிப்பை இழுத்துவிட்டாள்.

ஞாயிறு மாலை போதகரும் நாத்தனாரும் மறுபடி வந்தார்கள். அதே ஜெபம். முடிவில் காஜாக்காவின் உதடு அசைந்தது.

"வந்துடுச்சா அண்ணி?" நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எங்க வந்துச்சு? வராமலேதான் சொன்னேன்."

போதகர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் வாசலில் காவலாளி குரல் கொடுத்தார்: "கூட இருக்கறவங்க மட்டும் இருங்க! மத்தவங்கல்லாம் கிளம்புங்க!"

நாற்காலிகள் இழுபட்டன. பைகள், குழந்தைகள், செருப்புச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியேறின. நாத்தனார் அண்ணன் காலைத் தொட்டுவிட்டுப் போதகரோடு போனாள்.

காஜாக்கா அவர் போர்வையைச் சரிசெய்தாள். "நீங்களும் இருங்க," என்றாள் தாழ்ந்த குரலில். அது கணவரிடம் சொன்னதல்ல.

பிறகு அடுத்த சட்டையை எடுத்து நூல் கோத்தாள்.