பூச்சிக்கு வைத்த பெயர்

என் மனைவிக்கும் என் அம்மாவுக்கும் ஒரே பெயர். பெண் பார்க்கப் போன அன்றே இது தெரிந்துவிட்டது. ஜாதகம் பொருந்தியது, குடும்பம் பொருந்தியது, பெயர்தான் இடித்தது. மாமியார் பெயருள்ள பெண்ணை மருமகளாக எடுத்தால் அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாயால் சொல்ல முடியாது. மாமனார் மருமகளைக் கூப்பிட்டால் பெண்டாட்டியைக் கூப்பிட்டதாக ஆகும். நான் கூப்பிட்டால் பெற்றவளைப் பெயர் சொல்லி அழைத்த பாவம். அம்மா மருமகளைத் திட்ட நினைத்தால் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டும்.

“பேருக்காவ ஒரு நல்ல பொண்ண வுட்டுடுவாங்களா? வேற பேரு வெச்சிக்கினா போவுது” என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தாலி கட்டிய அன்று சாயங்காலமே புதுப் பெயர் ஒன்று வைத்தார்கள். அது யார் வாயிலும் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் விழுப்புரத்து வீட்டில் அவள் வெறும் ‘பொண்ணு’ ஆகிவிட்டாள். பிள்ளை பிறந்திருந்தால் அதன் பெயரைச் சொல்லி, இன்னாருடைய அம்மா என்றாவது கூப்பிட்டிருப்பார்கள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. பெயர் போனதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். வாரத்தில் ஐந்து நாள் அங்கே வாடகை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். சனிக்கிழமை ரயில் ஏறி விழுப்புரம் போய், ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம். அப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். எங்கள் கல்யாணமான சில வருஷங்களில் காலமாகிவிட்டார். ஆக, திண்டிவனத்து வீட்டில் மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை. அங்கே நான் அவளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் சுவரைத் தவிரக் கேட்க ஆள் கிடையாது. ஆனாலும் அங்கேயும் ‘இந்தா’, ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

எங்கள் பள்ளியில் என்னோடு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பாடம் நடத்தினார். அவருக்குப் பூச்சிப் பைத்தியம்; அது எனக்கும் தொற்றிக்கொண்டது. விடுமுறை நாட்களில் மேற்கே இருக்கும் பாறைக் குன்றுகளுக்கு இரண்டு பேரும் சைக்கிளில் போவோம். பாறை இடுக்குகளில், ஈரம் தங்கும் இருட்டில், ஒரு பிராணி கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் சிலந்தி என்பீர்கள். சிலந்தி இல்லை. சிலந்திக்கு இடுப்பு உண்டு. இதற்குக் கிடையாது, உடம்பு முழுக்க ஒரே உருண்டை. வலை கட்டாது, விஷமும் இல்லை. ஒரு காலைப் பிடித்தால் அந்தக் காலை நம் கையிலேயே விட்டுவிட்டு ஓடிவிடும். இங்கிலீஷில் ‘ஹார்வெஸ்ட்மேன்’, அறுப்புக்காரன் என்கிறார்கள். நம் பக்கத்தில் அதற்குப் பேரே இல்லை. எட்டுக்கால் பூச்சி என்று சிலந்தியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

பாதிரியார் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது தன் மைக்ராஸ்கோப்பை என்னிடம் விட்டுப் போனார். போருக்கு இரண்டொரு வருஷம் முன்னால், ஒருநாள் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பஞ்சு சுற்றிய சின்னக் கண்ணாடிக் குழாய்கள்; ஸ்பிரிட்டுக்குள் செங்கல் நிறத்தில் மிளகு மிளகாக அறுப்புக்காரர்கள். அந்த நாட்டு மழைக்காட்டில், மட்கிய மரக்கட்டைக்கு அடியில் பிடித்தது என்று குழாயில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்தார். இது என்ன வகை என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

சென்னை மியூசியத்திலிருந்து ஜெர்மன் பாஷையில் ஒரு தடித்த புத்தகத்தை இரவல் வாங்கி வந்து, அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். அதில் இருந்த எந்த வகையோடும் இது ஒட்டவில்லை. கண்கள் இருக்கும் மேட்டின் உச்சியில் ஒரு முள், இரையைப் பிடிக்கும் முன்கைகளில் வரிசையாக முட்கள், ஆணுக்கு மட்டும் பின்காலில் கொக்கி மாதிரி ஒரு வளைவு. மாதக்கணக்கில் புரட்டிப் பார்த்த பிறகுதான் துணிந்தேன்: இது புதிய இனம், உலகத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்காதது. திண்டிவனத்து வாத்தியாருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

புதிய இனத்தை வர்ணித்து எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு காலின் ஒவ்வொரு கணுவையும் அளக்க வேண்டும். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். எங்கள் வீட்டில் வெளிச்சம் என்றால் முற்றத்து வெயில்தான். அவள் பொட்டு வைத்துக்கொள்ளும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி, முற்றத்தில் உட்கார்ந்து, வெயிலை மைக்ராஸ்கோப்பின் அடிக்குத் திருப்பிவிடுவாள். சூரியன் நகர நகரக் கண்ணாடியும் நகரும். நான் மைக்ராஸ்கோப் குழாய்க்குள் கண்ணை வைத்துக்கொண்டு அளவுகளைச் சொல்லுவேன். கண்ணாடியை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் அவள் எழுதிக்கொள்வாள். பாதியில் பால் பொங்கும், ஓடுவாள், எனக்கு இருட்டிவிடும். நான் கத்துவேன்.

ஒருநாள் அவளையே குழாய்க்குள் பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் பார்த்தாள்.

“இது செத்து எவ்ளோ நாளாவுதுங்க?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

“அது வூட்டாளுங்க அங்க தேடிக்கினு இருக்குமா?”

“பூச்சிக்கு ஏது வூட்டாளு” என்றேன்.

“அந்தக் காட்டுல எப்பவும் மழ பேஞ்சிக்கினே இருக்குமாங்க?”

வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இருக்கும் என்று சொன்னேன். எனக்கு மட்டும் என்ன தெரியும். நான் அந்தப் பூச்சியை உயிரோடு பார்த்ததில்லை, அந்தக் காட்டையும் பார்த்ததில்லை.

எல்லாம் எழுதி முடித்த பிறகு பெயர்தான் பாக்கி. பாதிரியார் பெயரை வைப்பதுதான் முறை. அவரே வேண்டாம் என்று எழுதிவிட்டார். தன் பெயரில் ஏற்கனவே ஒரு வண்டு இருக்கிறதாம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த நல்ல யோசனைகளில் அது ஒன்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். உன் பேரை வைக்கப் போகிறேன் என்றேன்.

“எந்தப் பேருங்க?”

“உங்க அம்மா வூட்டுல கூப்புடுவாங்களே, அது.”

முறம் நின்றது. “அது அத்தை பேருங்க” என்றாள்.

“உன் பேருந்தான.”

முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். “போயும் போயும் பூச்சிக்கா?”

உலகத்தில் எந்த மூலையில் யார் இந்தப் பூச்சியைப் பற்றி எழுதினாலும் இந்தப் பெயரைத்தான் எழுதியாக வேண்டும், அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று விளக்கினேன்.

“எழுதறதோட சரியா? வாயாலயும் சொல்லுவாங்களா?”

“சொல்லாம? சொல்லித்தான ஆவணும்.”

“அப்ப சரிங்க” என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பெற்றதில்லை. அந்த ‘சரி’தான் அவள் ஆசைப்பட்டு ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் என்று நினைக்கிறேன்.

அதற்குள் போர் வந்துவிட்டது. கட்டுரை கல்கத்தாவுக்குப் போய், ஒரு பத்திரிகையில் பழுப்புக் காகிதத்தில் அச்சாகி வருவதற்குள், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை பாதி காலியாகி, விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை முடிச்சோடு ஜனம் நிற்க இடமில்லாமல் நின்றது. பிரதி வந்த அன்று அந்தப் பெயர் இருந்த இடத்தை அவளுக்குக் காட்டினேன். விரலை வைத்துக்கொண்டு, “படிங்க” என்றாள். படித்தேன். விஞ்ஞான முறைப்படி பெயருக்குப் பின்னால் ஒரு லத்தீன் வால் உண்டு. அந்த வாலோடு சேர்த்துத்தான் படித்தேன். அம்மா பெயரைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள், படித்தேன்.

அந்தச் சனிக்கிழமை பத்திரிகையை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன். தெருக்கோடியில் இருந்த தபால் குமாஸ்தா அதை வாங்கிப் பார்த்து, அம்மாவிடம், “உங்க பேரு இதுல அச்சாயிருக்குதே” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

“எம் பேரயாடா வெச்ச?” என்று அம்மா கேட்டாள். அப்பா போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்த என் மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“ஆமாம்மா” என்றேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அம்மா தெரு முழுக்கச் சொன்னாள், குழாயடியில் சொன்னாள், கோயிலில் சொன்னாள். “சீமைல ஒரு பூச்சிக்கு எம் புள்ள எம் பேர வெச்சிக்கிறான்.” கடிக்குமா என்று கேட்டவர்களிடம், “எம் பேரு வெச்சது எப்டி கடிக்கும்?” என்பாள். என் மனைவி பக்கத்திலேயே நின்று சிரிப்பாள். ரயிலில் திரும்பி வரும்போது, உனக்கு வருத்தமில்லையா என்று கேட்டேன்.

“அத்தைக்கு எவ்ளோ சந்தோசம். இருந்துட்டுப் போவட்டுங்க. அது எம் பேருன்னு நமக்குத் தெரியுமில்ல” என்றாள்.

போர் முடிகிற சமயத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். எனக்கு விழுப்புரத்திலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. திண்டிவனத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டோம்.

கப்பல் போக்குவரத்து சீரான பிறகு ஒருநாள் சென்னை மியூசியத்துக்குப் போனேன். போரில் நின்றுபோயிருந்த வெளிநாட்டுப் பத்திரிகைகள் மொத்தமாக வந்து இறங்கியிருந்தன. ஓரம் வெட்டாத ஒரு ஜெர்மன் பத்திரிகையைக் கத்தியால் பிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தில் என் பூச்சி இருந்தது. கண்மேட்டில் அதே முள், பின்காலில் அதே கொக்கி. போர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அச்சான பத்திரிகை அது. யாரோ ஒரு ஜெர்மன்காரர் அதே காட்டுப் பூச்சியைப் பார்த்து, வர்ணித்து, வேறு ஒரு பெயரும் வைத்துவிட்டிருந்தார்.

சட்டம் எனக்குத் தெரியும். நானே அவளுக்குச் சொன்ன சட்டம்தான். முதலில் வைத்த பெயர்தான் செல்லும். பின்னால் வைத்தது அழியாது. அதன் கீழே சின்ன எழுத்தில், செல்லாத பெயர் என்ற குறிப்போடு இருந்துகொண்டிருக்கும். ஆனால் அதைச் சொல்லி யாரும் அந்தப் பூச்சியைக் கூப்பிட மாட்டார்கள். அந்த ஜெர்மன்காரர் போரில் பிழைத்தாரோ இல்லையோ, தெரியாது. அவர் மேல் அன்று எனக்கு வந்த ஆத்திரம் நியாயமே இல்லாதது. திரும்பி வந்ததும், என் பெயர் செல்லாது, அவருடையதுதான் சரி என்று நாலு வரி எழுதிக் கல்கத்தாவுக்கு அனுப்பினேன். வேறு யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது மரியாதை.

அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கை நிற்கவில்லை.

“அத்தை இருக்கும்போது தெரியாம போனது நல்லதாப் போச்சுங்க. தெருவெல்லாம் சொல்லிக்கினு இருந்தாங்களே, மனசு ஒடஞ்சி பூடுவாங்க.”

“உனக்கு?”

“எனக்கு இன்னாங்க” என்றாள். கொஞ்சம் கழித்து, “இனிமே யாரும் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டாள்.

“மாட்டாங்க.”

வேர்க்கடலைத் தோலையெல்லாம் முறத்தில் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லத் தடை என்று இனி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியக் காட்டில் கொண்டுபோய் ஒட்டப் பார்த்த பெயரை, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி ஒரு தரம் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. விளக்கேற்றும் நேரத்துக்குக் கூடத்தில் நின்றபடி, வால் எதுவும் சேர்க்காமல், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள்.

“எதுக்குங்க அத்தையக் கூப்புடறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டுக்கொண்டே வந்து என் நெற்றியில் கை வைத்தாள்.

ஒன்றுமில்லை என்றேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன், கொண்டுவந்து கொடுத்தாள்.