இழவுக்குப் போன முறைக்காரன்

"எந்திரி, சோம்பேறி. ஊரே பல்லு விளக்கியாச்சு. உனக்கு மட்டும் இன்னும் விடியலையா?"

ஆட்டோ இருமும், அணையும். சிலேவா மறுபடியும் லீவரை இழுப்பார். வாய் அதன் ஏழு தலைமுறையை இழுத்துவைத்து வைதுகொண்டிருக்கும்போதே, வலது உள்ளங்கை மட்டும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகரத்தை மெதுவாகத் தடவும். கன்று போட்ட மாட்டின் கழுத்தைத் தடவுவது போல. வண்டி கிளம்பிவிடும். கிளப்பியது வசவா தடவலா என்று டொடோமா நகர ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது.

நெட்டையான மனிதர். ஓட்டும்போது முழங்கால்கள் இரண்டும் ஹேண்டில்பாரின் இரு பக்கமும் எட்டிப் பார்க்கும். சிறுவயதில் துளைத்த காதுகள் தளர்ந்து தொங்கும். மேடுபள்ளத்தில் அவை தனியாக ஆடும். மதியம் கம்பங்களியும் வழுவழுப்பான கீரைக் குழம்பும் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இல்லை. வண்டியின் பின்புறம் 'நியாம்வேசி' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். காரணம் கேட்டால், "சுமக்கப் பொறந்தது. வேற என்ன பேரு வைக்க?" என்பார், லுகுஷாவின் காதில் விழும்படி.

லுகுஷா அவருக்கு அடுத்து வண்டி நிறுத்துபவர், நியாம்வேசி இனத்துக்காரர். சிலேவாவோ கோகோ இனம். இந்த இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலிமுறை உண்டு, ஒருவருக்கொருவர் முறைக்காரர்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபப்பட்டால்தான் குற்றம். "பிச்சைக்காரப் பயலே" என்பார் லுகுஷா. "யானைத் தந்தம் தூக்கி முதுகு வளைஞ்ச பயலே" என்பார் சிலேவா. பஞ்சத்தில் கையேந்தியவர்கள் கோகோக்கள், வணிகக் கூட்டங்களுக்குச் சுமை தூக்கியவர்கள் நியாம்வேசிகள் என்பது பழைய பேச்சு. இருவரும் ஒரே தட்டில் கை வைப்பார்கள்.

லுகுஷாவின் அப்பா மாம்பழக் காலத்தில் டூரா பக்கத்திலிருந்து தேன் கொண்டு வருவார். வந்ததும் மகனை விசாரிக்க மாட்டார். "அந்தக் கோகோ இன்னும் சாகலையா?" என்பதுதான் முதல் கேள்வி. போன வருடம் கிளம்பும்போது சிலேவாவின் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னார்: "எங்க ஊர்ல ஒரு கோகோ கிடையாது. என் குழிகிட்ட வந்து திட்டுறதுக்கு நீதான் வரணும். முறைக்காரன் வசவு விழாத பொணம் அநாதைப் பொணம், தெரிஞ்சுக்கோ."

அவர் இறந்த செய்தி ஒரு விடியற்காலை ஸ்டாண்டுக்கு வந்தது. பொழுது சாய்வதற்குள் அடக்கம். அந்தப் பக்கம் போகும் பேருந்து அப்போதுதான் போயிருந்தது. லுகுஷா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றார். அழவில்லை. முகம் பூட்டிய கடையாக இருந்தது.

"ஏறுடா" என்றார் சிலேவா.

"ஆட்டோவுலயா? பைத்தியமா உனக்கு?" என்றாள் சப்பாத்தி விற்கும் சௌதா அக்கா. சொல்லிக்கொண்டே அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள், ஒரு மூட்டை மாவையும் கால் கட்டிய கோழியையும் எடுத்துக்கொண்டு அவளே முதலில் ஏறினாள். எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்ற என்னையும் சிலேவா கைகாட்டிக் கூப்பிட்டார். "தம்பி, நீயும் வா. நான் பேசுற பேச்சுக்கு ஈடுகட்ட பேசாத ஆள் ஒண்ணு வேணும். இல்லேன்னா வண்டி ஒரு பக்கமா சாஞ்சிரும்."

பின்னிருக்கையில் மூன்று பேர், ஒரு கோழி, ஒரு மூட்டை. எதிரே, ஆள்பார்த்து ஒதுங்காத லாரிகள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று வண்டியைத் தூக்கி வைத்தது. சிலேவா பேசிக்கொண்டே ஓட்டினார். வழியில் தென்பட்ட ஒவ்வொரு நியாம்வேசி குற்றத்தையும் லுகுஷாவுக்கு எடுத்துக் காட்டினார். "அதோ பாரு, உங்க மாமன் போறான்" என்றார், மூட்டை சுமந்த கழுதையைப் பார்த்து. லுகுஷா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராத கேலி திரும்பி வந்து சொன்னவன் மேலேயே விழும். சிலேவா அதைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மன்யோனியை நெருங்கும்போது ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். பருத்த உடம்பு, ஆடி அசைந்த நடை. சிலேவாவின் கண் மின்னியது. மாடு மேய்க்கும் சுகுமா இனம் என்று முடிவு கட்டிவிட்டார். சுகுமாக்களும் கோகோக்களுக்கு முறைக்காரர்கள்தான்.

"வாங்க சுகுமா ஐயா! மாட்டை எல்லாம் யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க? அதுங்களுக்கும் தொப்பி வாங்கிக் குடுத்தாச்சா?"

போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். "நான் ஹாயா" என்றார்.

ஹாயாவுக்கும் கோகோவுக்கும் எந்த முறையும் கிடையாது. வெறும் வசவு, சீருடை மேல் விழுந்துவிட்டது. சிலேவாவின் காதுகள்கூட ஆடாமல் நின்றன. "சாவி" என்று கை நீண்டது. "இந்த வண்டியில இவ்வளவு தூரமா? எல்லாரும் எறங்குங்க." இறங்கும் அவசரத்தில் கோழியின் கட்டு அவிழ்ந்தது. அது போலீஸ்காரரின் காலுக்கிடையில் புகுந்து ஓட, சௌதா அக்கா "பிடி, பிடி, அது துக்கத்துக் கோழி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அப்போதுதான் லுகுஷா வாயைத் திறந்தார்.

"சார், மன்னிக்கணும். இவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. இவனைத்தான் எங்கப்பா குழிக்குக் கூட்டிட்டுப் போறேன். இவன் வந்து திட்டலேன்னா எங்கப்பா..."

போலீஸ்காரர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு சிலேவாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாவியை நீட்டினார். "ஓரமாவே போ. அந்த வாயைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்துரு. வழியில செலவழிக்காதே."

கோழியை அவரே பிடித்துக் கொடுத்தார்.

இடிகியைத் தாண்டியதும் இருபுறமும் முள்காடு, ஆள் நுழைய முடியாத அடர்த்தி. சாலை அதன் நடுவே வகிடுபோல் கிடந்தது. அங்கே பின்சக்கர டயர் ஒன்று கிழிந்தது. மாற்றுச் சக்கரம் கைவசம் இல்லை, ஏற்கெனவே மாட்டி ஓடிக்கொண்டிருந்ததே அதுதான். சிலேவா வண்டியில் கிடந்த அரிவாளோடு ஓரத்துக்குப் போய்க் காய்ந்த புல்லை அறுத்து வந்தார். டயருக்குள் புல்லைத் திணித்து, இரும்புக் கம்பியால் அடித்து இறுக்கினார். புறங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவர் ஒருமுறை மட்டும் சூரியனைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நொடி, "ஏண்டா, பொறந்ததுலேருந்து சுமக்குற சாதி, தள்ளத் தெரியாதா?" என்று குரல் எழும்பியது. தள்ளினோம். புல்லடைத்த சக்கரம் நொண்டி நொண்டி ஓடியது. ஏற்றம் வரும்போதெல்லாம் அந்த உள்ளங்கை தகரத்துக்குப் போனது. இத்தனை பேரின் மௌனத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு குரல் இவ்வளவு தூரம் வர முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஊரைத் தொட்டபோது மாமரத்து நிழல் நீண்டு குழிவரை வந்திருந்தது. சவப்பெட்டியைக் கயிற்றில் தூக்கிவிட்டார்கள். லுகுஷாவின் அம்மா கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

சிலேவா ஆட்டோவை அணைக்கக்கூட இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, குழிக்குள் குதித்து, மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"இறக்காதீங்க! இது என் இடம். ஏ கெழவா, நல்ல இடம்னா உடனே புடிச்சிருவியே! எங்கடா தேன்? தேன் குடுத்தாத்தான் எந்திரிப்பேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் மூட்டையைத் தூக்குன, இன்னைக்கு உன்னை ஆறு பேர் தூக்க வச்சிட்டியே, கெட்டிக்காரா!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அந்த அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. "கோகோ வந்துட்டான்! உங்களைத் திட்ட வந்துட்டான்!" என்று பெட்டியைப் பார்த்துக் கதறினாள். லுகுஷா மண்ணில் மண்டியிட்டார். "எந்திரிடா, பிச்சைக்காரப் பயலே" என்றார். அந்தச் சொல்லோடு அவருக்கும் அழுகை உடைந்தது.

நான் குழியின் விளிம்பில் நின்றிருந்தேன். மேலே நின்றவர்கள் எல்லாரும் சிலேவாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் நிற்கவே இல்லை. புல் கிழித்த அவருடைய வலது கை மட்டும், யாரிடமும் சொல்லாமல், படுத்த இடத்திலிருந்து சிறு கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தது. பிறகு தலைமாட்டில் ஒரு மண்கட்டியை நசுக்கிப் பரப்பி, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிச் சமமாக்கியது.