பின்னால் வரும் பஸ்

என் அக்காவுக்கு முன்னால் யாருடைய முதுகும் தெரியக் கூடாது. தெரிந்தால் தாண்டியாக வேண்டும். மாடிப்படியோ வங்கி வரிசையோ, எதுவானாலும் சரி. ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்னால் போன ஸ்ட்ரெச்சரைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். அதில் படுத்திருந்தவர் எங்கள் சித்தப்பா. அவரைப் பார்க்கத்தான் போயிருந்தோம்.

அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. சீட்டை நீட்டுவதற்குள் இழுப்பறை திறந்து, மாத்திரை அட்டை கத்தரிக்கப்பட்டு, உறை மேசைக்கு வந்துவிடும். வழி கேட்க வந்த ஒருவர் தொண்டையைச் செருமிய பாவத்துக்கு இருமல் மருந்தோடு திரும்பிப் போனார். கடையில் எல்லோரும் அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் தினமும் காலையில் தாமதமாகக் கிளம்பி, நகர்ந்துவிட்ட பஸ்ஸைத் துரத்தி, படியில் தாவி ஏறிவிடுவாளாம். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லையாம். “ஓடுற பஸ்ஸ ஓடியே புடிச்சவ நான்” என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி, எங்கள் காது புளித்துவிட்டது. அந்த பஸ்ஸின் டிரைவரைத்தான் கட்டிக்கொண்டாள். அவர்தான் எங்கள் மாமா.

கடைக்கு முட்டிவலிக் களிம்பு வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள். நொண்டிக்கொண்டு வரும் இவர்களே ஓடுகிறார்கள், எனக்கென்ன குறை என்று போன வருஷம் நகரத்து ஓட்டப் போட்டிக்கு அக்கா பெயர் கொடுத்தாள். அந்தப் போட்டியில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு பஸ் வரும். அதற்கென்று ஒரு வேகம் குறித்துக் கொடுத்திருப்பார்கள். அது யாரைப் பிடித்துவிடுகிறதோ, அவர் ஓட்டத்தை விட்டுவிட்டு அதில் ஏறிக்கொள்ள வேண்டும். அந்த பஸ்ஸை ஓட்டும் பொறுப்பு மாமாவுக்கு வந்தது.

அக்கா கிளம்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் திருப்பத்தில் கல்லூரிப் பையன்களுக்கும் முன்னால் இருந்தாள். போட்டோகூட எடுத்தார்கள். அதற்கப்புறம் விலா பிடித்துக்கொண்டது. தாண்டப்பட்டவர்கள் வரிசையாக வந்து அவளைத் தாண்டினார்கள். முதலில் பையன்கள், பிறகு அவர்களுடைய வாத்தியார், கடைசியில் கடைக்குக் களிம்பு வாங்க வரும் ஒரு முட்டிவலிக்காரர். “என்னம்மா, களிம்பு வேணுமா?” என்று வேறு கேட்டுவிட்டுப் போனார். சாலையோரம் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

“ஏறுங்க மேடம். முன்னாடி சீட் காலியாத்தான் இருக்கு.”

மாமா நல்லவர்தான். ஆனால் இப்படி ஒரு சமாசாரம் கையில் கிடைத்தால் எந்தப் புருஷன் சும்மா இருப்பான்? கால் வலிக்கிறது என்று அவள் சொன்னால், “பஸ் அனுப்பவா?” என்பார். பால்காரர்வரை விஷயம் போய்விட்டது. பஸ்ஸைப் பிடித்தவளை பஸ் பிடித்துவிட்டது என்று தெருவே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் பார்த்தேன்.

“அடுத்த வருஷம் அந்த பஸ்ல நான் ஏற மாட்டேன்டி. செத்தாலும் ஏற மாட்டேன்” என்றாள்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் கிடைத்தாள். அக்காவின் வயதில் பாதிதான் இருக்கும். ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கால் நல்லாத்தான் இருக்கு அக்கா. அளவுதான் தெரியல.” கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எவ்வளவு நேரம் ஆனது என்று அக்காவே ஊகித்துச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைக் காட்டுவாள். அக்கா ஊகித்ததும் கடிகாரம் காட்டியதும் மாமியார் மருமகள் மாதிரி ஒத்தே போகவில்லை.

அடுத்து, மெதுவாக நடக்கும் ஒரு பெரிய தொப்பைக்காரருக்குப் பின்னால் அவளை விட்டு, தாண்டக் கூடாது என்று கட்டளை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். அவர் பயந்துபோய் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் அவளைத் திருத்தியது அவள் வாய்தான். நான் பக்கத்தில் சைக்கிளில் வர வேண்டும், அவள் பேசிக்கொண்டே ஓட வேண்டும். வாக்கியம் நடுவில் உடைந்தால் வேகம் அதிகம். மூச்சே தெரியாமல் வம்பளக்க முடிந்தால் வேகம் போதாது. முழு வாக்கியம் வர வேண்டும், ஆனால் அதற்குக் கொஞ்சம் கஷ்டப்படவும் வேண்டும். அதுதான் அவளுடைய அளவு. அப்படியே கடை முதலாளியின் கஞ்சத்தனம், என் சமையல், பஸ்ஸைப் பிடித்த கதை எல்லாம் மறுபடியும் என் தலையில் இறங்கின. சைக்கிள் ஓட்டிய எனக்குத்தான் நாக்குத் தள்ளியது.

ஆனால் பலன் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவள் சொல்லும் நேரத்துக்கும் கடிகாரத்துக்கும் மூச்சுவிடும் நேரம்தான் வித்தியாசம். காதும் கூர்மையாகிவிட்டது. பின்னால் வருகிறவரின் மூச்சைக் கேட்டே, “இவர் அடுத்த ரவுண்டுல உக்காந்துடுவார் பாரு” என்பாள். உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டு மிக்ஸி திணறினால்கூட நம் வீட்டிலிருந்து சொல்லிவிடுவாள். பெரிய தொல்லை.

போட்டி நாள் வந்தது. பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் எல்லோரும் அக்காவைத் தாண்டிப் போனார்கள். ஒரு குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு ஓடிய அம்மாகூடத் தாண்டினாள். அக்காவின் கை முறுக்கிக்கொண்டதே தவிர, கால் மாறவில்லை. பக்கத்தில் கிடைத்த ஆட்களிடம் பேசிக்கொண்டே போனாள். என்ன கதை என்று எனக்குக் கேட்காமலே தெரியும்.

போகப் போக, முன்னால் பறந்தவர்கள் உதிர ஆரம்பித்தார்கள். பஸ் நிரம்பியது. முட்டிவலிக்காரரும் ஏறினார். நான் தண்ணீரை நீட்டி, “களிம்பு வேணுமா சார்?” என்று கேட்டேன். அக்காவுக்காகக் கேட்டேன், தப்பில்லை.

முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு மேம்பாலம். ஏற்றத்தில் அக்காவின் நடை சுருங்கியது. பேச்சு நின்றது. பஸ் அதே வேகத்தில் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முதுகில் வியர்வை வழிவதுகூடத் தெரிந்தது.

“மாமா, கொஞ்சம் மெதுவா...” என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாக எழும்பியிருந்தது. இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கியது.

அக்கா சட்டென்று திரும்பினாள்.

“வேகத்தை ஏன் குறைக்கிறீங்க? எனக்கு யாரும் பிச்சை போட வேணாம், ஒழுங்கா வண்டிய ஓட்டுங்க!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாக்கியம் எங்கேயும் உடையவில்லை. அடிப்பாவி, மூச்சை மிச்சம் வைத்திருக்கிறாள்!

மாமா மறுபடி காலை அழுத்தினார். அக்கா பாலத்தின் உச்சியைத் தொட்டாள். இறக்கத்தில் அதுவரை சேர்த்துவைத்த எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள். தள்ளுவண்டிக்காரியைத் தாண்டினாள், போன வருஷம் தன்னைத் தாண்டிய வாத்தியாரையும் தாண்டினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் கழுத்தில் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இறங்கி ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. என்னை விலக்கிவிட்டு நேராக டிரைவர் ஜன்னலுக்குப் போனாள்.

“அந்தச் சத்தம்” என்றாள். “கல்யாணத்துக்கு முன்னாடியும் அதே சத்தம்தான். நான் துரத்தி வரும்போதெல்லாம் இன்ஜின் ஒரு மாதிரி இறங்கும். பழைய வண்டி, அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.”

மாமா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள் முட்டிவலிக்காரர்வரை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“அப்போ நான் ஒருநாள்கூடப் புடிக்கலையா?”

“ஓடுற பஸ்ஸ ஓடியே புடிக்க யாராலயும் முடியாதும்மா” என்றார் மாமா மெல்ல.

பாவம் அக்கா. ஒரு பதக்கத்தை வாங்கிய கையோடு வாழ்நாள் பெருமையைத் தொலைத்துவிட்டு நின்றாள். ஆனால் லேசில் விடுகிறவளா அவள்?

“யார் ஓடி வந்தாலும் இப்படித்தான் மெதுவா ஓட்டுவீங்களா?”

“சேச்சே. மத்தவங்க ஓடி வந்தா வண்டிய நிறுத்திடுவேன்.”

“எனக்கு மட்டும் ஏன் நிறுத்தல?”

மாமா பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தார். காது சிவந்திருந்தது. “நிறுத்தினா நீ ஓட மாட்டியே. அப்புறம் கண்ணாடியில நான் யாரப் பாக்கிறது?”

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். “நீங்க... இத்தனை வருஷமா... என்கிட்ட...” என்றாள். அவ்வளவுதான் வந்தது. மேம்பாலத்தில் உடையாத வாக்கியம், நின்ற இடத்தில் மூன்றாக உடைந்தது.