மஞ்சள் பூசிய பிடியரிசி

அல்லிநகரத்துக் கல்யாணத்தில் அட்சதையைக் கையில் வாங்கியதும் மஞ்சள் வாடை அடித்தது; தூவ மறந்து, இன்று தடமே இல்லாத எங்கள் ஓலைக்கூரைப் பள்ளிக்கூடத்துக்கு நினைவிலேயே போய்விட்டேன். இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் பழக வேண்டுமென்று வாத்தியார் சொன்னதால், தினமும் ஆளுக்கொரு பிடி அரிசியை அங்கிருந்த மண்பானையில் போடுவோம். தவிட்டு மணமும், சரசரவென்று அரிசி விழும் சத்தமும் அடங்கிய பிறகுதான் பாடம் தொடங்கும்.

அம்மா நம்பவில்லை. "அம்புட்டும் வாத்தியாரு வீட்டு உலைக்குத்தேன் போகுது" என்று, அடையாளத்துக்காக என் பிடியில் மட்டும் மஞ்சள் தடவி அனுப்புவாள். நானும், வாத்தியார் மகள் சிரிக்கும்போதெல்லாம் அவள் பல்லில் மஞ்சள் ஒட்டியிருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பேன்.

ஏலமலைக்கு வேலைக்குப் போன அப்பா குளிர்காய்ச்சலோடு திரும்பிப் படுத்துவிட, எங்கள் வீட்டில் உலை ஏறவில்லை. ஒரு காலையில் வாத்தியார் பிள்ளைகளோடு வந்து, அந்தப் பானையை எங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். அம்மா அரிசியைச் சுளகில் கொட்டிப் பரப்பினாள். பழுப்பு அரிசிக்கு நடுவே மஞ்சள் மணிகள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு கேட்டாள்:

"நாம போட்டது இம்புட்டுத்தேனா? மிச்சத்த யாரு தின்னாக?"