தம்பிக்குத் தூக்க மருந்து கொடுத்த நாள்

தம்பியைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அவனுக்கு மூன்றுகூட நிரம்பவில்லை. அவனுக்கு அடிக்கடி வலிப்பு வந்துகொண்டிருந்தது. தலைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேலூரில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த மெஷினுக்குள் சின்னப் பிள்ளை ஆடாமல் படுக்காது; மருந்து கொடுத்துத்தான் தூங்க வைக்க வேண்டும். மருந்து நன்றாகப் பிடிக்க, பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வர வேண்டுமாம், வயிறும் காலியாக இருக்க வேண்டுமாம்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும் காலை பஸ்ஸில் பெரியவர்களே இரண்டு வளைவு தாண்டுவதற்குள் சாய்ந்துவிடுவார்கள். அதில் இந்தப் பிள்ளையை விழிக்க வைக்க வேண்டும். குரங்கு காட்டினேன். கிச்சுக்கிச்சு மூட்டினேன். அப்பா செல்போனில் பாட்டு வைத்தார். பக்கத்து சீட்டு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா புள்ளய இப்படி வதைக்கிறீங்க? ரெண்டு பிஸ்கட்டக் குடுத்துத் தூங்க வைங்க."

அம்மா தம்பியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவன் பசியில் அழுதான், நான் தூக்கத்துக்கு அழுதேன். அப்பா எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார், கண்டக்டர் உட்பட.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தோம், காத்திருந்தோம், அப்படிக் காத்திருந்தோம். ஒருவழியாக நர்ஸ் வந்து மருந்தைப் புகட்டினார். பாதியைத் துப்பினான், மிச்சம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மா மடியில் அவன் கழுத்து சாய்ந்தது, கை தொங்கியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வலிப்பு வந்து அவன் துவண்டு போகும்போதெல்லாம், காதில் வாய் வைத்துக் கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கண் திறக்கிற வரை விட மாட்டோம். கூப்பிடாமல் விட்டால் பிள்ளை திரும்பி வராது என்று பயம். ஸ்கேன் அறைக் கதவு திறந்து, அவனை வாங்கிக்கொள்ள நர்ஸ் கை நீட்டியபோது, அம்மா அவன் காதருகே குனிந்துவிட்டாள்.

"நைனா, கண்ணத் தொறடா. அம்மா கூப்பிடறேன், தொறடா!"

கூப்பிட்டதோடு நிற்கவில்லை, உலுக்கினாள். அவன் கண்ணைத் திறந்தான். அவன் போட்ட கூச்சலில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது.

நர்ஸ் திட்டவில்லை. "இன்னைக்கு இதுக்கு மேல மருந்து குடுக்க முடியாதும்மா. இன்னொரு நாள் இதே மாதிரி கூட்டிட்டு வாங்க" என்றார்.

"ஒரு வழியா தூங்கினான். நீயே எழுப்பி வுட்டியே" என்றார் அப்பா. கோபப்படக்கூட அவரிடம் தெம்பில்லை. எனக்கு இருந்தது. நாள் முழுக்க நான் பட்ட பாட்டை ஒரு நொடியில் கெடுத்துவிட்டாளே என்று அம்மாவோடு பேசவே இல்லை.

அடுத்த முறை அம்மாவை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு அப்பா தூக்கிப் போனார். ஸ்கேன் நடந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். தம்பி இப்போது பஸ்ஸில் ஏறியதும் குறட்டை விடுகிற ஆள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, அந்த முதல் நாள் திரும்பி வந்த பஸ்தான். மயக்கம் தெளிந்து, வயிறு நிறைய இட்லி தின்றவன், யாரும் சொல்லாமலே தூங்கிப்போனான். அப்பாவும் தூங்கினார். அம்மா மட்டும் தூங்கவில்லை. மலை ஏறி முடிகிற வரை ஒரு விரலை அவன் மூக்கடியிலேயே வைத்திருந்தாள். சளி துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கோபத்தை மறந்து நானும் அவள் தோளில் சாய்ந்தேன்.