சாக்ஸ் குட்டிகள்

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, நெய்வேலியில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் காலியானது. அங்கே இருந்தவர் ரிட்டயர் ஆகி, பண்ருட்டி பக்கம் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். டவுன்ஷிப்பில் இது வாடிக்கைதான். லாரி வரும், கட்டில் பீரோ ஏறும், டாட்டா காட்டுவோம், அவ்வளவுதான்.

மறுநாளே வெள்ளையடிக்க வந்த, பக்கத்து ஊரான வடக்குத்து அக்கா, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "யம்மா, பின்னால ஷெட்டுல ஒரு நாயி கெடக்குதுங்க. உசுரு இருக்குது, வந்து பாருங்க."

எனக்கு நாய் என்றாலே ஆகாது. அந்த வீட்டு நாய்ச் சத்தத்தில் மதியத் தூக்கம் போன கடுப்பு வேறு. காலி செய்துபோனவர் வெள்ளைப் பொமரேனியன் குட்டிகளை வளர்த்து விற்றவர். பஞ்சுப் பொதி மாதிரி குட்டிகளைப் பிள்ளைகள் அணைத்துக்கொண்டு போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவற்றின் தாயை அன்றைக்குத்தான் பார்த்தேன். துருப்பிடித்த கூண்டு. முடி கொட்டிய முதுகு. முலைகள் தொங்கித் தரையைத் தொட்டன. நகம் வளர்ந்து சுருண்டு, நிற்கவே முடியவில்லை. அக்காவும் நானும் பழைய புடவையில் சுற்றித் தூக்கி வந்தோம்.

பண்ருட்டிக்குப் போனவருக்குப் போன் போட்டு நன்றாகத் திட்டத்தான் நினைத்தேன். அவரோ சாதாரணமாகச் சொன்னார்: "அது இனிமே குட்டி போடாதும்மா. யாராச்சும் எடுத்துப்பாங்கன்னு வுட்டுட்டு வந்தேன். நீங்களே வெச்சிக்கோங்க." மனிதர் கெட்டவர் இல்லை. என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது முதலில் ஓடிவந்தவர் அவர்தான். அதனாலேயே எனக்கு இன்னும் வலித்தது.

கால்நடை டாக்டர் நகத்தை வெட்டி, வயிற்றை அழுத்திப் பார்த்தார். கர்ப்பப்பையில் சீழ். ஆபரேஷன் செய்தால்தான் பிழைக்கும், ஆனால் இந்த உடம்பு தாங்காது, மருந்தும் சாப்பாடும் கொடுத்துக் கொஞ்சம் தேற்றிக் கொண்டுவாருங்கள் என்றார். சட்டம் பற்றியும் அப்போதுதான் கேள்விப்பட்டேன். நாய் வளர்த்து விற்கப் பதிவு செய்ய வேண்டுமாம். ஒரே தாயை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் குட்டி போட வைக்கக் கூடாதாம். வயதானால் நிறுத்திவிட வேண்டுமாம். கைவிடுவது குற்றமாம். "சட்டத்துல எல்லாம் இருக்குங்க. கூண்டு வரைக்கும் வந்து யாரு பார்க்கிறாங்க?" என்றார் டாக்டர். மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த நான்கூடப் பார்க்கவில்லையே.

வீட்டில் அது சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கணவருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. ஒருநாள் காலை கிளம்பும்போது அவர் சாக்ஸ் ஒன்றையும் காணோம். "உன் நாயி எனக்கு லீவு போட வெச்சிடும் போலிருக்குதே" என்று தேடிக்கொண்டு போனவர், பீரோவுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாச் சாக்ஸையும் வயிற்றோடு அணைத்து, ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது அது. சோற்றுத் தட்டை அந்தச் சாக்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் வைத்ததும் தயிர்சாதம் சாப்பிட்டது. பிழைத்துவிடும் என்று நம்பினேன்.

ஆனால் கேட் சத்தம் கேட்டால் போதும். பால்காரரோ எதிர்வீட்டு அம்மாவோ, யாராக இருந்தாலும், அவசர அவசரமாகச் சாக்ஸை வயிற்றுக்கடியில் தள்ளி மேலே படுத்துக்கொள்ளும். உடம்பெல்லாம் நடுங்கும். ஏனென்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. கேட் திறந்தால் யாரோ வருவார்கள், வந்தால் ஒரு குட்டி குறையும். விருந்தாளி என்றால் அதற்குத் தெரிந்தது அதுதான். அன்று அடக்கமாட்டாமல் அழுதேன்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோக இருந்த நாள் காலையில் அது கண் திறக்கவில்லை. சாக்ஸ் எல்லாம் வயிற்றுக்கடியில் பத்திரமாக இருந்தன. கொல்லையில் பலா மரத்தடியில் குழி வெட்டிய என் கணவர், அவற்றை எடுக்கப்போன என் கையைத் தடுத்தார். "வுடு. அதுங்களும் கூடவே இருக்கட்டும். இனிமே யாரும் வந்து தூக்கிக்கினு போவ மாட்டாங்க." அன்றைக்கு வெறுங்காலில் ஷூ மாட்டிக்கொண்டுதான் ஷிப்டுக்குப் போனார்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது நாய்க்குட்டி வாங்கப் போனால் நானும் தொற்றிக்கொள்கிறேன். முதலில் தாயைக் காட்டச் சொல்கிறேன். சிலர் காட்டுகிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். காட்டாத இடத்தைப் பற்றிப் புகார் கொடுக்கவும் பழகிவிட்டேன். ஆனாலும், எங்கள் வீட்டு கேட் கிறீச்சிடும்போதெல்லாம், இந்தச் சத்தத்துக்குப் பயந்தே ஓர் உயிர் தன் காலத்தைக் கழித்ததே என்று நினைத்து, இன்றும் முதலில் பீரோவுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்க்கிறேன்.